காத்தமுத்து உபதேசம் வாங்கிய கதை

ருவான்வெல்லைக் கடைவீதியிலிருந்து மேட்டுப் பாதையில் ஏறினால் வருகிற ரப்பர் தோட்டத்தில், முதல் உலக யுத்தம் முடிந்து சில வருஷங்களுக்குப் பிறகு, காத்தமுத்து என்று ஒரு பால்வெட்டுக்காரர் இருந்தார். மரம் மரமாகப் போய்ப் பட்டையைச் சீவி, சிரட்டையில் சொட்டிய பாலைச் சேர்த்து ஸ்டோரில் கொண்டுபோய் ஊற்றுவது அவர் வேலை. அதைச் சுமாராகத்தான் செய்தார். அவருடைய முழுநேரத் தொழில் வேறு. எல்லாம் தெரிந்துவைத்திருப்பதுதான் அது.

கேட்டாலும் அவருக்குத் தெரியும், கேட்காவிட்டாலும் தெரியும். தொழிலாளர் வரிசைவீடான லயத்தில், பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த இருளாயியின் ஆடு செருமினால் அதற்கு மருந்து தெரியும். அந்த மருந்தைத் தின்று ஆடு செத்தால், ஏன் செத்தது என்பதும் தெரியும். கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த ஹலீம் நானா மக்கத்துக்குப் போய் வந்த மனிதர். அவரிடமே, மக்கத்துக்கு எந்தத் துறைமுகத்தில் கப்பல் ஏற வேண்டும் என்று காத்தமுத்து விளக்கியிருக்கிறார். காலித் துறைமுகம் என்றார். நானா பம்பாய் வழியாகப் போனவர். இருந்தும், வியாபாரம் கெட்டுவிடக் கூடாதே என்று தலையை ஆட்டிவைத்தார்.

இங்கிலீஷும் தெரியும். சின்ன வயசில் களுத்துறைப் பக்கம் ஒரு பங்களாவில் கோழி பார்த்துக்கொண்டிருந்தவர். துரைசானி கோழிகளோடு பேசிய இங்கிலீஷ் முழுவதும் அவருக்கு மனப்பாடம். அந்தப் பலத்தில்தான், தோட்டத்துக்குப் புதிதாக வந்த துரைக்கு அவர் வாயாக இருந்தார். துரை தமிழைப் புத்தகத்தில் படித்திருந்தாலும் நாலு பேருக்கு முன்னால் பேச வெட்கப்பட்டார். விடிகாலையில் வேலைக்காரர்கள் வரிசையாக நிற்கிற பெரட்டுக்களத்தில் துரை இங்கிலீஷில் ஏதோ சொல்வார். காத்தமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டு அதைத் தமிழில் முழங்குவார். கணக்கப்பிள்ளை ஸ்டோர்த் தாழ்வாரத்தில் ஒதுங்கி வெற்றிலை போடுவார்.

இப்படிப்பட்ட மனிதருக்கும் ஒரு குறை வந்தது. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வந்த பக்கத்துத் தோட்டத்துப் பூசாரி பேச்சுவாக்கில், "ஒங்களுக்குக் குரு யாருங்க?" என்று கேட்டுவிட்டார். காத்தமுத்துவுக்குக் குரு கிடையாது. அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. குரு ஒருவரைப் பிடித்தே ஆவது என்று, கறவை மாடு பார்க்கிறவர் மாதிரி, வருகிற போகிற பண்டாரங்களை எல்லாம் நோட்டம் பார்க்க ஆரம்பித்தார்.

அந்த மார்கழியில் பொதிச்சாமி வந்தார். சிவனொளிபாத மலைக்கு நடந்து போகிற சாமி அவர். கேகாலைப் பக்கமிருந்து வந்து, கோயிலின் தகரக் கொட்டகையில் இரண்டொரு பொழுது தங்கிவிட்டு, இரத்தினபுரி வழியாக மலைக்குப் போவார். எப்போதும் தோளில் ஒரு காவித் துணிப்பொதி. அதனால் அந்தப் பெயர். குண்டான ஆள், தூக்கம் தெளியாத கண். அந்தப் பொதியை யாரையும் தொட விடமாட்டார் என்பதைத் தவிர, அவரிடம் அதிசயம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

காத்தமுத்து போனபோது, லயத்துப் பெண்கள் கொண்டுவந்து கொடுத்த மரவள்ளிக்கிழங்கைச் சாமி தேங்காய்ச் சம்பலோடு தின்றுகொண்டிருந்தார். காத்தமுத்து எதிரில் உட்கார்ந்து பரீட்சையை ஆரம்பித்தார்.

"சாமிக்கு எந்த ஊருங்க?"

"இப்போதைக்கு இந்த ஊரு."

"சாமி, சிவன் சடையைப் பத்தி என்ன நெனைக்கிறீங்க?"

சாமி வாயில் கிழங்கு இருந்தது. அந்த இடைவெளியே காத்தமுத்துவுக்குப் போதும். சடையின் நீளம், அதில் எத்தனை பின்னல், பிறை எந்தப் பக்கம், பாம்பு எப்போது தூங்கும் என்று சொல்லிக்கொண்டே போனார். சாமி கிழங்கைத் தின்று முடித்தார். கை கழுவினார். கொட்டாவி விட்டார்.

"முடிஞ்சுதா அப்பா?"

"இன்னும் கங்கை இருக்குங்க சாமி."

"அது ஓடட்டும், விடு."

காத்தமுத்துவை இப்படி யாரும் பாதியில் நிறுத்தியதில்லை. கோபம் வர வேண்டிய இடம். ஆனால் சாமி அதைச் சொன்ன மாதிரியில் ஏளனமே இல்லை. வழியில் நிற்கிற பிள்ளையை ஒதுங்கச் சொல்வதுபோல இருந்தது. காத்தமுத்து சட்டென்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"சாமி! நான் ஒரு தூசி. இந்தத் தோட்டத்துலயே என்னைப் போலப் பணிவானவன் கெடையாது. யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. எனக்கு உபதேசம் குடுங்க!"

சுற்றி நின்ற பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர் மனைவி மூக்காயி மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு அடுப்பில் வேலை இருந்தது. சீக்கிரம் முடிந்தால் சரி என்று நின்றாள்.

"நான் சொன்னாக் கேப்பியா?" என்றார் சாமி.

"உசுரைக் கேட்டாலும் குடுப்பேங்க."

"ஒன் உசுரை வச்சு நான் என்னா செய்யிறது? காதைக் குடு."

சாமி குனிந்தார். விபூதியும் கற்பூரமும் கொஞ்சம் வெங்காயமும் மணத்தன. காத்தமுத்துவின் காதுக்குள் ஒரே ஒரு சொல் விழுந்தது.

"தெரியாதுங்க."

காத்தமுத்து கிசுகிசுத்தார். "சாமிக்கே தெரியாதுங்களா? பரவாயில்லங்க, எனக்குத் தெரிஞ்ச ஒரு மந்திரம் இருக்கு, அதையே நீங்க எனக்கு..."

"அட, அதுதாம்ப்பா மந்திரம். யாரு எதைக் கேட்டாலும் அதைச் சொல்லு. நான் மலைக்குப் போயிட்டுத் திரும்பி வர்ற வரைக்கும். இது உபதேசங்கிறது காதோட இருக்கணும், வெளிய போகக் கூடாது." இதையும் சாமி காதுக்குள்தான் சொன்னார்.

காத்தமுத்து வாயைத் திறந்தார். கேட்க நூறு கேள்வி இருந்தது. ஆனால் சாமியின் கை அப்போது அவர் தலைமேல் இருந்தது. அந்தக் கையின் சூட்டில் அவருக்குள் எப்போதும் ஓடிக்கொண்டே இருந்த ஏதோ ஒன்று ஒரு கணம் குந்தி உட்கார்ந்தது. கண் கலங்கியது. "சரிங்க சாமி" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்குப் போனதும் மூக்காயி கேட்டாள். "கறிக்கத்தியை எங்க வச்சீங்க?"

கத்தி கூரை வாரையில் செருகியிருந்தது. காத்தமுத்து அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தெரியாதுங்க."

மூக்காயியின் கையிலிருந்த அகப்பை நின்றது. கல்யாணமான நாளிலிருந்து அந்த வாயில் அந்தச் சொல்லை அவள் கேட்டதில்லை. 'ங்க' போட்டதையும் கேட்டதில்லை. மெல்ல வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

மறுநாள் விடியும்போதே மழை. மழையானாலும் பெரட்டில் நின்றே ஆக வேண்டும் என்பது அந்தத் தோட்டத்துச் சட்டம். எல்லோரும் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடுங்கி நின்றார்கள். துரை குடையோடு வந்தார், வழக்கம்போல இங்கிலீஷில் நாலு வார்த்தை சொன்னார், காத்தமுத்து பக்கம் திரும்பினார்.

"தெரியாதுங்க" என்றார் காத்தமுத்து.

துரை இன்னும் மெதுவாக, இன்னும் சத்தமாக, அதையே திரும்பச் சொன்னார்.

"தெரியாதுங்க தொரை."

துரையின் முகம் சிவந்தது. வேறு வழியில்லாமல், புத்தகத்தில் படித்த தமிழைத் தன் வாயாலேயே இறக்கினார்.

"மழை... வந்தா... நீ ஏன் நிக்கிறே? இங்க நிக்க வேணாம். லயம் உள்ள இரு. மழை போனா... மணி அடிக்கும். அப்ப வா." கொஞ்சம் நிறுத்தி, மனத்தாங்கலோடு சேர்த்துக்கொண்டார்: "நான் தெனம் தெனம் சொல்றேன். நீ ஏன் கேக்கறதில்லே?"

பெரட்டுக்களத்தில் நனைந்த சாக்குகள் ஒவ்வொன்றாகக் காத்தமுத்து பக்கம் திரும்பின.

"அப்ப," என்றாள் இருளாயி, "'மழைன்னு லயத்துக்குள்ள குந்தியிருக்கிறவன் பேரை வெட்டு'ன்னு தெனம் சொன்னது யாரு?"

கணக்குப் புத்தகத்தில் பேர் விழாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. அதற்குப் பயந்துதான் அத்தனை மழையிலும் நின்றிருந்தார்கள்.

காத்தமுத்து கெட்டவர் இல்லை. கோழி இங்கிலீஷில் 'வா', 'போ', 'தின்னு', 'சூ' எல்லாம் இருந்தன. மழை பற்றிய பேச்சு அவ்வளவாக இல்லை. புரியாத இடங்களில், ஒரு துரை என்றால் சாதாரணமாக என்ன சொல்வார் என்று யோசித்து அவரே நிரப்பிவிடுவார். ஒருமுறை துரை, இவர்கள் ஏன் இப்படி நனைகிறார்கள் என்று கேட்டபோதுகூட, "தே லைக் ரெய்ன், சார்" என்று தைரியமாகச் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து துரை இந்த ஜனங்களை ஒருவித மரியாதையோடு பார்த்துவந்தார்.

அன்று பால் வெட்டுகிற இடமெல்லாம் காத்தமுத்துவுக்கு அர்ச்சனை நடந்தது. "ஏன்யா இப்புடிச் செஞ்ச?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். "தெரியாதுங்க" என்றார். முதல் இரண்டு பேருக்கு அதை மந்திரமாகத்தான் சொன்னார். மூன்றாவது ஆளிடம் சொல்லும்போது கையிலிருந்த வெட்டுக்கத்தி பாதியில் நின்றது. யோசித்துப் பார்த்தால் அது நிஜம். ஏன் அப்படிச் செய்தார் என்று அவருக்கே தெரியவில்லை. சாமி கொடுத்த உபதேசம் இது என்று ஒரு வார்த்தை சொன்னால் பாதிக் கோபம் தணிந்திருக்கும். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு அடுத்த மரத்துக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் தலைகாட்ட முடியாமல் கடைவீதிக்கு இறங்கினார். ஹலீம் நானா கடையில் ஆள் இல்லை. பொழுது போகாமல் இருந்த நானா வழக்கமான வம்புக்கு இழுத்தார்.

"வா காத்தமுத்து. மக்கத்துக்குக் கப்பல் காலியிலதானே ஏறுறது?"

"தெரியாதுங்க நானா."

நானா முழக்கோலைக் கீழே வைத்தார். "மெய்யாவா?"

"தெரியாதுங்க."

நானா எழுந்து வந்து முக்காலியை இழுத்துப் போட்டார். உள்ளே இருந்த மகளைப் பார்த்து, "உம்மு குல்தூம், ரெண்டு தேத்தண்ணி!" என்று குரல் கொடுத்தார். அப்புறம் சொல்ல ஆரம்பித்தார். தூத்துக்குடியில் இறங்கி, ரயிலில் பம்பாய் போனது. கப்பலில் ஏறின முதல் நாளே வாந்தியெடுத்துச் சுருண்டு விழுந்தது. பக்கத்தில் படுத்திருந்த முன்பின் தெரியாத ஒரு கிழவர், பாஷையும் தெரியாது, தன் பங்குத் தண்ணீரை இவர் வாயில் ஊற்றியது. கரை இறங்குகிற கூட்டத்தில் அந்தக் கிழவர் காணாமற்போனது. "நன்றி சொல்றதுக்கும் ஆள் இல்லாமப் போச்சு" என்று சொல்லும்போது நானா தோளில் கிடந்த துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடந்தது. காத்தமுத்து அத்தனை வருஷமும் அந்தக் கடைக்கு வந்துபோயிருக்கிறார். இந்தக் கதைக்குள் அவர் ஒரு நாளும் நானாவை நுழையவே விட்டதில்லை.

அவர் திரும்பி வந்தபோது லயத்து வாசலில் கூட்டம். பக்கத்துத் தோட்டத்திலிருந்து மூக்காயி ஒரு கோடாங்கியைக் கூட்டிவந்திருந்தாள். புருஷனைப் பேய் பிடித்துவிட்டது என்று அவள் தீர்மானித்திருந்தாள். கோடாங்கி உடுக்கையோடு தயாராக இருந்தார். காத்தமுத்துவைப் பிடித்து உட்கார்த்தி, நெற்றியில் சாம்பலை அள்ளிப் பூசினார்கள். உடுக்கை அதிர்ந்தது.

"ஏய்! நீ யாரு?" என்று கோடாங்கி கத்தினார்.

"தெரியாதுங்க."

"பேரைச் சொல்ல மாட்டியா? ஆம்பளையா, பொம்பளையா?"

"தெரியாதுங்க."

"எந்த மரத்துல இருந்து ஏறின?"

தோட்டத்தில் இருப்பதெல்லாம் ரப்பர் மரம். காத்தமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "தெரியாதுங்க."

"எப்ப எறங்குவ?"

"தெரியாதுங்க."

வேப்பிலைக் கொத்து கிழியும்வரை அடித்துவிட்டுக் கோடாங்கி வேர்வையைத் துடைத்தார். "தாயி, எத்தனையோ பேயைப் பாத்திருக்கேன். எகிறிக்கிட்டு வரும், அழும், கோழி கேக்கும். இப்புடி மரியாதையாப் பேசுற பேயை என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்று உடுக்கையை உறையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கூட்டம் கலைந்ததும் மூக்காயி அவர் முதுகில் எண்ணெய் தடவினாள். கோபமும் அழுகையும் அவள் குரலில் கலந்திருந்தன.

"நான் யாருன்னாச்சும் தெரியுமா, அதுவும் தெரியாதா?"

காத்தமுத்து குனிந்து தரையில் சிதறிக் கிடந்த வேப்பிலையைப் பொறுக்கினார். பிறகு, "தெரியாதுங்க" என்றார்.

மூக்காயி அவர் தலையில் ஒரு குட்டு வைத்தாள். வைத்துவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "தெரியாதுதான். என் ஊரு துறையூருன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறீங்க. எங்க ஊரு முசிறி. ஆத்தங்கரை ஊரு. ஒரு நாளாச்சும் கேட்டீங்களா?" என்றாள். அப்புறம் அந்த ஆற்றைப் பற்றிச் சொன்னாள், வெள்ளத்தில் போன அவள் தங்கச்சியைப் பற்றிச் சொன்னாள். எண்ணெய்க் கை முதுகிலேயே நின்றுவிட்டது. காத்தமுத்து திரும்பாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்.

தை முடிந்து மாசி பிறந்ததும் பொதிச்சாமி திரும்பினார். கால் முழுக்கக் கொப்புளம். காத்தமுத்து ஓடிப்போய்க் கோயிலில் அவர் காலுக்கு வெந்நீர் விட்டார். நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். கறிக்கத்தி, பெரட்டு, நானா, கோடாங்கி, முசிறி. சொல்லச் சொல்ல அவர் நெஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது.

"சாமி, கேகாலையில இருந்து இரத்தினபுரி வரைக்கும் தேடிப் பாருங்க. என்னைப் போல ஒண்ணும் தெரியாதவன் ஒருத்தன் கெடைக்க மாட்டான்!"

சாமி நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடப் பாவி! அதுலயும் நீதான் மொதலா?"

காத்தமுத்துவின் முகம் விழுந்தது. சாமி அதைப் பார்த்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் கேட்டார்: "கறிக்கத்தி எங்கன்னு பொண்டாட்டி கேட்டதுக்குமாப்பா அதைச் சொன்ன?"

"யாரு எதைக் கேட்டாலும்னு சாமிதானே சொன்னீங்க."

"சொன்னேனா?" சாமி தாடியைச் சொறிந்தார். "கெழங்கு தின்ன மயக்கத்துல சொல்லியிருப்பேன். நீ ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை திருப்பிக் கேக்கல?"

"கேக்கத்தான் வந்துச்சு சாமி. கையை வச்சிருந்தீங்க. வாயடைச்சுப் போச்சு."

சாமியின் முகத்திலிருந்த மிச்சச் சிரிப்பும் போனது. குனிந்து தன் கொப்புளங்களைப் பார்த்தார். "சரி," என்றார், "அந்த மந்திரத்தை இப்ப எறக்கி வச்சிரு. இனிமே தெரிஞ்சதைத் தெரியும்னு சொல்லு. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லு. அவ்வளவுதான்."

காத்தமுத்து யோசித்தார். "சாமி, பழசே இருக்கட்டுங்க. அது லேசு."

"ஏன்?"

"அது வாய்க்குத்தானே வேலை. இதுன்னா ஒவ்வொரு வாட்டியும் உள்ள போயிப் பாத்துட்டு வரணுமே."

பொதிச்சாமி பக்கத்திலிருந்த பொதியை எடுத்துக் காத்தமுத்துவின் தலையில் வைத்தார். யாரையும் தொட விடாத பொதி. பார்த்துக்கொண்டிருந்த இருளாயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"கேகாலை ரோடு வரைக்கும் தூக்கிட்டு வா. உள்ள என்னா இருக்குன்னு தெரியுமா?"

ஓலைச்சுவடி, சிவலிங்கம், தங்கபஸ்பம் என்று ஊருக்கெல்லாம் காத்தமுத்து எப்போதோ விளக்கம் கொடுத்தாகிவிட்டது. வாய் திறந்தது. பிறகு தனக்குள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"தெரியாதுங்க சாமி."

"பாதி எனக்குந் தெரியாது. அங்கங்க ஒவ்வொருத்தர் குடுத்தது. வேணாம்னு சொல்ல வாய் வராது எனக்கு. நட."

அதற்குப் பிறகு பெரட்டில் துரை தன் தமிழிலேயே பேசினார். தப்பு விழும்போது ஜனங்கள் திருத்தினார்கள். காத்தமுத்து வரிசையில் மற்றவர்களோடு நின்றார். ஒரேயடியாக மாறிவிட்டார் என்று சொல்ல முடியாது. சந்தைக்குப் போகிற வழியில் யாராவது சிக்கினால், பணிவு என்றால் என்ன என்று ஒரு மைல் தூரத்துக்கு விளக்கிக்கொண்டே வருவார். ஆனால் ஏதாவது கஷ்டம் என்றால் லயத்து ஜனங்கள் அவர் வாசலில்தான் வந்து உட்கார்ந்தார்கள். யோசனை கேட்க இல்லை, சொல்லி அழ. அவரும் பாதியில் குறுக்கிடாமல் கேட்டார். குறுக்கிட வாய் வந்தால் எழுந்துபோய் ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அடுத்த மார்கழியில் சாமி வந்தபோது மூக்காயி குளித்து, ஈரச் சேலையோடு போய் அவர் முன்னால் நின்றாள். அவளுக்கும் உபதேசம் வேண்டுமாம். சாமி அவள் காதில் ஏதோ சொன்னார். அவள் கேட்டதும் பக்கென்று சிரித்தாள். அப்புறம் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அது என்ன சொல் என்று காத்தமுத்து கெஞ்சிப் பார்த்தார், கோபித்துக்கொண்டு ஒரு வேளை சாப்பிடாமலும் இருந்து பார்த்தார். அவள் சொல்லவில்லை. பல வருஷம் கழித்தும், மலைச்சரிவில் பால் வெட்டிக்கொண்டிருக்கும்போது சில நேரம் மூக்காயி தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள். அடுத்த வரிசை மரத்திலிருந்து காத்தமுத்து எட்டிப் பார்ப்பார்.